இறுக்காமல் விட்ட நட்டு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வீட்டில், தெருவில், தபால் நிலையத்தில், எங்கே விசாரித்தாலும் அவர் ‘பாத்துக்கலாம்’தான். குழாய் ஒழுகுகிறதா? பாத்துக்கலாம். கதவு தரையில் உரசுகிறதா? பாத்துக்கலாம். மாடியறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்து, மூன்று சுவரை முடித்து, நாலாவது சுவரை அப்படியே விட்டு ஒன்பது வருஷம் ஆகிறதே ஐயா, அது என்ன கதி? அதையும் பாத்துக்கலாம்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பழியை அவர் மேல் போட்டால் எனக்கே கோபம் வரும். ஒரு வேலையில் இறங்கினால் முக்கால்வாசி தூரம் வரைக்கும் மனிதருக்குப் பத்துக் கை இருக்கும். அந்தக் கடைசிக் கொஞ்சம் வரும்போதுதான் அவருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், யாருக்கோ போன் பண்ண வேண்டியது ஞாபகம் வரும். ஆனால் தபால் பிரிக்கும் மேசையில் உட்கார்ந்துவிட்டாலோ, ஆளே வேறு. முகவரி எவ்வளவு கிறுக்கலாக இருந்தாலும், மழையில் நனைந்து மை கரைந்து போயிருந்தாலும், உறையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கொஞ்சம் சாய்த்து, இன்னும் கொஞ்சம் சாய்த்து, “இது ‘கி’ இல்லப்பா, ‘சி’” என்று சொல்லிச் சரியான அறையில் போட்டுவிடுவார். சாயங்காலம் அவர் எழுந்திருக்கும்போது மேசையில் ஒரு கடிதம் மிச்சம் இருக்காது.

“அந்தப் புத்திய வர்றப்போ ஒரு பையில போட்டு வீட்டுக்கும் கொண்டு வந்தா என்னங்க?” என்பாள் அவர் மனைவி.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. புதிதாகத் தைப்பதைவிட அடுத்தவர் தைத்ததைச் சரிசெய்வதில்தான் அவளுக்குப் பேர். இடுப்பு பிடிக்கிறதா, கை நீளமா, எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். அவள் முடித்த துணியில் ஒரு நூல்முனை நீட்டிக்கொண்டிருந்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்டவரைக் கட்டிவைத்தார்களே, அதை என்னவென்று சொல்வது!

கல்யாணமான முதல் வருஷம் நடந்தது ஒரு நாற்காலி விவகாரம். ஆட்டம் கண்ட மர நாற்காலி ஒன்றைப் பாத்துக்கலாம் பழுது பார்த்தார். நாலு திருகில் மூன்றை இறுக்கினார். நாலாவதைப் பொருத்தி வைத்ததோடு சரி. மறுநாள் அவள் பிறந்த வீட்டார் மொத்தமும் கூடியிருந்த நேரத்தில், தண்ணீர்ச் செம்பும் கையுமாக அவள் அதில் உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள், செம்பு உருண்டு அவள் சித்தப்பாவின் காலடியில் போய் நின்றது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் ஒரு கூட்டமே சிரித்தது. அவள் எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, எல்லார் முன்னாலும் சொன்னாள்: “இனிமே உங்க கை பட்ட எதுலயும் நான் உக்கார மாட்டேன்.”

கோபத்தில் சொல்கிறாள், நாலு நாளில் ஆறிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவர் சைக்கிள் கேரியரைச் சரிபண்ணிவிட்டு “ஏறு” என்றால், அவள் பக்கத்தில் நடந்தே வருவாள். வாசலில் அவர் போட்ட பெஞ்சில் தெருவே உட்காரும். அவள் மட்டும் படியில் உட்காருவாள். சண்டை கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. சோறு போடுவாள், சிரிப்பாள், சட்டை தைத்துக் கொடுப்பாள். உட்கார மட்டும் மாட்டாள். உறவு கூடும் இடத்திலெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே சுருக்கென்று தைக்கும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த நிலைமையில்தான் கார் வந்தது.

அது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு இருக்கை, நீளமான மூக்கு, குட்டை வால், உட்கார்ந்தால் தரை முழங்கைக்கு எட்டும். பல் டாக்டர் ஒருவர் இளவயதில் ஆசைப்பட்டு வாங்கி, பிறகு பயந்துபோய்க் கொட்டகையில் பூட்டி வைத்தது. அதை இரண்டு சகலைகளும் ஆளுக்குப் பாதி என்று சேர்ந்து வாங்கினார்கள். சகலை என்றால் அவர் மனைவியின் அக்காவைக் கட்டியவர். எடை அளவைத் துறையில் ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசு முள்ளை முறைத்துப் பார்ப்பதே உத்தியோகம். எதிலும் அவருக்கு அளவு வேண்டும், எண் வேண்டும். எந்தக் காரியம் கெட்டுப்போனாலும் அவர் வாயில் முதலில் வருவது “நான் அப்பவே சொன்னேன்”. எப்போது சொன்னார் என்று இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது.

“ரெண்டு சீட்டு வண்டி. ஆளோ நாலு பேரு. எப்படிங்க கணக்கு?” என்று அக்கா கேட்டாள். அக்காவுக்கு முழங்கால் வலி. “எனக்கு வேண்டாம்ப்பா. அது காரா, கிணறா? உள்ள இறங்கினா யாரு என்னத் தூக்கறது?” என்று அவளே தன் பங்கை விட்டுக்கொடுத்தும் விட்டாள்.

பாத்துக்கலாம் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவள் உட்கார வேண்டும். அவர் கெஞ்சாமல், யாரும் வற்புறுத்தாமல், அவளாக வந்து உட்கார வேண்டும். காரில் அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். வேகம், சத்தம், தெருவார் வாய்பிளப்பது எல்லாம் சகலையின் ஆசை.

இஞ்சினை விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பிரித்துப் பூட்டிக் கொடுத்தார். உடம்புக்குப் பெயிண்டர் கரும்பச்சை அடித்துக் கொடுத்தார். இருக்கைக்கு உறை தைத்தது அவர் மனைவிதான். இரட்டைத் தையல், ஒரு சுருக்கம் கிடையாது. தைத்து, மாட்டி, தட்டிப் பார்த்துவிட்டுப் போனாளே தவிர, உட்காரவில்லை. கடைசியாக மிஞ்சியது பின்பக்க சஸ்பென்ஷன். அதை மட்டும் நாமே மாட்டிவிடுவோம் என்று சகலைகள் இரண்டு பேரும் மார்தட்டினார்கள். மார்தட்டின பிறகுதான் பாத்துக்கலாமுக்கு உறைத்தது. கார் முழுக்க யார் யாரோ கை வைத்தது. அவள் உட்காரப்போகும் இடத்தைத் தாங்குவது மட்டும் தன் கை வைத்ததாக இருக்கப்போகிறதே.

பின்பக்கம் என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. சக்கரங்களை இணைக்கும் அச்சைப் பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங் பட்டை தாங்குகிறது. பட்டையின் இரண்டு முனையும் வளையமாகச் சுருண்டிருக்கும். அந்த வளையத்துக்குள் புஷ் என்கிற ரப்பர் குழல் போகும், அதன் நடுவே இரும்புக் குழாய், அதற்குள் போல்ட்டு, போல்ட்டின் முனையில் நட்டு. முன்முனையில் ஒரு நட்டு, பின்முனையில் இரண்டு, ஆக ஒரு பக்கத்துக்கு மூன்று. பட்டை மேலும் கீழும் ஆடும்போது அந்த ரப்பர் முறுகி முறுகித் திரும்பும். இதுதான் விஷயம். இதில் சண்டை போட என்ன இருக்கிறது? இருந்ததே!

முதல் ஞாயிற்றுக்கிழமை, ஜாக்கியை எங்கே வைப்பது என்பதிலேயே இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. கடைசியில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சகலை ஒரு சாக்பீஸை எடுத்தார். பாத்துக்கலாம் வீட்டுக் கொட்டகையின் தரையில், வண்டிக்கு நேர் நடுவே, ஒரு கோடு போட்டார்.

“வலது பக்கம் எனக்கு. இடது பக்கம் உனக்கு. என் பக்கம் நீ வராத, உன் பக்கம் நான் வரல.”

“வலதுன்னா? வண்டிக்கு முன்னாடி நின்னு பாத்தா வலதா, உள்ள உக்காந்து பாத்தா வலதா?”

“உள்ள உக்காந்து பாத்தாதான்யா வலது! இதுகூடத் தெரியாம நீ தபாலப் பிரிச்சு கிழிச்ச!”

சகலை வேலை செய்கிற அழகே தனி. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, நட்டுகளை வரிசையாக அடுக்கி, பல் டாக்டர் வண்டியோடு சேர்த்துக் கொடுத்த பழைய பழுதுபார்க்கும் புத்தகத்தை ஒரு பெட்டி மேல் விரித்து வைத்தார். அதில் பாதிப் பக்கங்களில் எண்ணெய்க் கறை. புஷ்ஷை அழுத்தி உள்ளே தள்ளினார், பட்டையைத் தூக்கினார், போல்ட்டைச் செருகினார். பிறகு டார்க் ரெஞ்சை எடுத்தார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எண் வைத்தால், அந்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் ஸ்பேனர் அது. புத்தகத்தில் போட்டிருந்த எண்ணை வைத்து, டிக், டிக், டிக் என்று மூன்று நட்டையும் முடித்து, ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தார். தராசுக்கு முத்திரை குத்தின திருப்தி அவர் முகத்தில்.

இடது பக்கம் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. புஷ் உள்ளே போகவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது. சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கியது, வழுக்கியதும் பறந்தது, பறந்துபோய்ச் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி விழுந்தது. அதை எடுக்க அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு நீள போல்ட்டையும் இரண்டு வாஷரையும் வைத்து, திருகித் திருகி உள்ளே இழுத்து, பட்டையை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி, போல்ட்டுகளைச் செருகி, நட்டுகளைக் கையால் திருகிவிட்டு நிமிர்ந்தார். அப்போது பார்த்து உள்ளேயிருந்து சாப்பாட்டு வாசனை வந்தது. ஸ்பேனரைக் கையில் எடுத்தவர், அதைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அப்புறம் என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டுமா?

சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது சகலை வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். “ரெடியா?” என்று கேட்டார். இவரும் ஏதோ ஞாபகத்தில் “ரெடி” என்று தலையாட்டிவிட்டார்.

வண்டி தரைக்கு வந்தது. கோணலாக நின்றது. கொஞ்சநஞ்சம் இல்லை, தெருவில் போகிறவனுக்கும் தெரியும்படி இடது பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்து, ஒரு தோளில் பையை மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி நின்றது.

“நான் அப்பவே சொன்னேன்!” என்றார் சகலை. குனிந்து இடது சக்கரத்தின் பின்னால் கையை விட்டார். நட்டு ஒன்று அவர் இரண்டு விரலுக்கே சுழன்றது. வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை வைத்து ஒரு வீட்டுக்கு விளக்கேற்றலாம். “எல்லாரும் இங்க வாங்க! வந்து பாருங்க! நட்டையே இறுக்கல! மனுஷன் வெறும் கையால திருகிட்டுப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்திருக்கான்!”

அக்கா வந்தாள். அவர் மனைவியும் வந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு. கோணலாக நிற்கும் வண்டியையும், தான் தைத்த இருக்கையையும், கடைசியாகத் தன் புருஷனையும் பார்த்தாள். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவமானமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை, இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காக முடித்துக் காட்டியிருக்கக் கூடாதா என்று தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

உடனே வண்டியை மறுபடி தூக்கினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சகலையிடம் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கி, அவர் வைத்த அதே எண்ணை வைத்து, டிக், டிக், டிக். மஞ்சள் புள்ளிகூட வைத்தார். இறக்கினார்கள். வண்டி நேராக நின்றது. ரசமட்டக் கட்டையை வைத்துப் பார்த்தார் சகலை. குமிழி நட்டநடுவில் நின்றது.

“பாத்தியா? முதல்லயே இப்படிப் பண்ணியிருந்தா?”

“ஆமா” என்றார் பாத்துக்கலாம். வேறு என்ன சொல்வார்?

அடுத்த ஞாயிறு காலையில் வெள்ளோட்டம் என்று முடிவானது. சனிக்கிழமை மத்தியானம் அவர் வேலையிலிருந்து வந்தபோது, மனைவி கொட்டகையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். வண்டிக்குப் பின்னால் குனிந்து, அளவு நாடாவைத் தரையில் ஊன்றி, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு வரைக்கும் பிடித்திருந்தாள்.

“என்ன பண்ற?”

“இது ஏன் இப்படி நிக்குது?”

“நேராத்தானே நிக்குது?”

“நேராத்தான் நிக்குது. ஆனா இடுப்பத் தூக்கிக்கிட்டு நிக்குது. முன்பக்கத்தவிட மூணு விரல் ஜாஸ்தி. போன வாரம் உங்க பக்கம் தாழ்ந்திருந்துச்சே, அப்போ அந்தப் பக்கம் மட்டும் பாக்க அழகா இருந்துச்சு. அத்தான் பக்கந்தான் எக்கிக்கிட்டு இருந்துச்சு.” அவள் நாடாவைச் சுருட்டினாள். “எனக்குக் காரப் பத்தி ஒண்ணும் தெரியாது. துணிதான் தெரியும். பாவாடைய ஹேங்கர்ல தொங்கவிட்டு அளந்து கீழ்மடிப்பு அடிச்சா என்ன ஆகும்? உடுத்தின உடனே ஒரு பக்கம் ஏறிக்கும். ஆளு உடுத்தி நிக்கணும், நிக்கறப்போதான் அளவு எடுக்கணும். நீங்க ரெண்டு பேரும் வண்டியத் தொங்கவிட்டுத்தானே இறுக்கினீங்க?”

பாத்துக்கலாம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு நேராகப் போய்ப் பெட்டி மேல் இருந்த புத்தகத்தை எடுத்தார். சகலை எண்ணைப் பார்த்த அதே பக்கம். மேல்பாதி முழுக்க எண்ணெய்க் கறை, கறுத்துப்போய், எழுத்து இருப்பதே தெரியவில்லை. கறைக்குக் கீழே தெளிவாக இருந்தது இவ்வளவுதான்: ‘நட்டுகளைக் கீழ்க்கண்ட அளவுக்கு இறுக்கவும்.’

அவர் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கொஞ்சம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். முப்பது வருஷமாக, நனைந்ததும் கிழிந்ததும் மை கரைந்ததுமாக லட்சக்கணக்கான உறைகளைப் படித்த கண் அது. எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது.

“‘வண்டியை…’ என்னமோ… ‘தரையில் இறக்கி.’ அப்புறம்… ‘இருக்கைகளில்…’ இது ‘இரண்டு’. ‘இரண்டு பேர் உட்கார்ந்த பிறகே…’”

“பிறகே?”

“‘இரண்டு பேர் உட்கார்ந்த பிறகே, நட்டுகளைக் கீழ்க்கண்ட அளவுக்கு இறுக்கவும்.’” கறைக்குள் இன்னொரு வரிக்கு விரலை நகர்த்தினார். “அதுவரைக்கும் கையால திருகி விட்டாப் போதும்னு போட்டிருக்கான். கையால.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்போ நீங்க பண்ணினதுதான் சரியா!”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் “எனக்கு அப்பவே தெரியும்” என்று ஒரு போடு போட்டிருப்பான். நானாக இருந்தால் கட்டாயம் போட்டிருப்பேன். அவர் போடவில்லை. “தெரிஞ்சு பண்ணலம்மா. சாப்பாட்டு வாசனை வந்துச்சு, விட்டுட்டுப் போயிட்டேன். இறக்கினதுக்கு அப்புறமும் இறுக்கியிருக்க மாட்டேன், மறந்துதான் போயிருப்பேன்” என்றார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

மறுநாள் காலையில் சகலை தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு வெள்ளோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னதும் துள்ளிக் குதித்தார். “கறையில எழுத்து தெரியுதாம்! நாளைக்குச் சுவத்துல சாமி தெரியுதும்பான். அச்சுப் பிழையா இருக்கும்யா. நான் எண்ண வச்சு இறுக்கியிருக்கேன், எண்ணு!”

“எண்ணு சரிதான் அண்ணே. நேரந்தான் தப்பு. தொங்கறப்போ இறுக்கினா ரப்பர் அப்படியே புடிச்சுக்கும், வண்டிய இறங்க விடாது” என்றார் பாத்துக்கலாம். “உங்க பக்கம் ஒரே ஒரு நட்டத் தளத்திப் பாப்போம். ஒண்ணும் ஆகலன்னா நான் வாய மூடிக்கறேன்.”

நாலு சரிவுக் கட்டைகள்மேல் வண்டியைத் தள்ளி ஏற்றி, அது உருளாமல் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, கீழே ஆள் நுழைய இடம் பண்ணினார்கள். பாத்துக்கலாம் பக்கவாட்டில் படுத்து, வலது பட்டையின் முன்முனையில் ஸ்பேனரைப் போட்டார். நட்டு அசைந்தது, இன்னும் அரைச் சுற்று, அவ்வளவுதான். முறுகிக் கிடந்த ரப்பர் ‘டொம்’ என்று விடுபட்டது. வண்டியின் வலது பின்பக்கம், எல்லார் கண்ணெதிரிலும், ஓர் அங்குலம் கீழே இறங்கி நின்றது.

“அடியாத்தி!” என்றாள் அக்கா.

சகலை தொப்பியைக் கழற்றினார். அவர் உதடு பழக்கதோஷத்தில் “நான் அப்…” என்று ஆரம்பித்தது. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மீதியை முழுங்கிவிட்டார்.

ஆறு நட்டையும் தளர்த்திக் கையளவில் விட்டாயிற்று. இனி இரண்டு பேர் உட்கார வேண்டும். சகலை யாரும் சொல்வதற்கு முன்னாலேயே ஓட்டுநர் இருக்கையில் தொப்பென்று இறங்கி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். விட்டால் அங்கேயே குடித்தனம் போடுவார் போலிருந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பாத்துக்கலாம் கீழே படுத்து இறுக்க வேண்டும். அவர் உட்கார முடியாது. அக்கா முதலிலேயே கையை விரித்துவிட்டாள்.

அவர் தன் மனைவியைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கேட்கிற மாதிரி ஆகிவிடும். கேட்கக் கூடாது என்று எத்தனையோ மாதமாக வைராக்கியமாக இருந்தார். அதிலும், உட்காரச் சொல்வது எதில்? எல்லாம் இறுக்கி முடித்து, பெயிண்ட் புள்ளி வைத்து, இந்தா பார் என்று காட்டக்கூடிய வண்டியிலா? ஆறு நட்டும் தளர்ந்து கிடக்கும் வண்டியில். உலகத்தில் எந்தப் புருஷனுக்காவது இப்படி ஒரு சோதனை வந்திருக்குமா?

“பின்னாடி மணல் மூட்டை ரெண்டு கிடக்கு” என்றார், குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே. “அதத் தூக்கி வச்சுக்கலாம். ஒரு ஆளு எடை வரும்.”

“நான் தச்ச சீட்டுலயா மணல் மூட்டைய வைப்பீங்க?”

“கீழ ஒரு துணிய விரிச்சுட்டு…”

“எந்திரிங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இப்போ அந்த நட்டெல்லாம் எப்படி இருக்கு?”

அவர் எழுந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ், நெற்றியிலும் ஒரு கோடு. ஒன்றுமில்லை, தைரியமாக உட்கார் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

“ஒண்ணுகூட இறுக்கல. ஆறும் லூசு. போல்ட்டு உள்ள முழுசாப் போயிருக்கு, அதனால கழண்டு வராது. நீ உக்காந்தா இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒரு சத்தம்கூட வரலாம், பயப்படாத. ஆனா இறுக்கல. நீ உக்காந்தப்புறம்தான் இறுக்க முடியும்.”

அவள் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தாள். வண்டி அசைந்தது. மற்ற காலையும் வைத்து, மெள்ள உட்கார்ந்தாள். கீழே எங்கேயோ ‘கிரீச்’ என்றது. இடது பக்கம் ஒரு விரல் அளவு இறங்கியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் தொடைமேல் முஷ்டியாக இருந்தன.

“உக்காந்துட்டேன்” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “இறுக்குங்க.”

அவர் தொப்பென்று தரையில் படுத்துக் கீழே புகுந்துகொண்டார். இல்லாவிட்டால் அவர் கண்ணில் வந்ததை மூன்று பேரும் பார்த்திருப்பார்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, ஸ்பேனர் வழுக்கியது. அவள் எடை தாங்கிய பட்டை அவர் முகத்துக்குப் பக்கத்தில், நாலு விரல் தூரத்தில் வளைந்திருந்தது. முதல் நட்டு, டிக். பின்முனையில் இரண்டு, டிக், டிக். சந்தேகம் வந்து முதல் நட்டை மறுபடி பார்த்தார், டிக். ஊர்ந்து வலது பக்கம் போய் அங்கே மூன்று. மறுபடி இடது பக்கம் வந்து, மறுபடி மூன்றும். உள்ளேயிருந்து ஏதோ வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. அவர் மூக்குக்கு அது எட்டவில்லை.

“என்னய்யா, கீழ குடும்பம் நடத்தறியா? எத்தன தடவ இறுக்குவ?” என்று சகலை மேலேயிருந்து கத்தினார்.

“ரெண்டாவது தடவையும் பாத்துட்டேன். முடிஞ்சுது” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவர் வெளியே ஊர்ந்து வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வண்டி நேராகவும் தாழ்வாகவும், பார்க்க லட்சணமாக நின்றது. அவள் கண்ணைத் திறந்திருந்தாள். முஷ்டி விரிந்து, கை இருக்கையின் தையல்மேல் இருந்தது. சகலை சாவியைத் திருகினார். இஞ்சின் ஒரு தடவை இருமி, உறுமி, சீராக ஓட ஆரம்பித்தது.

“சரி, கட்டைய எடு சகலை! சின்னவளும் ஏறி உக்காந்துட்டா. தெரு முனை வரைக்கும் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்துடறோம். வந்தப்புறம் நீ ஓட்டு” என்று தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார் சகலை.

பாத்துக்கலாம் குனிந்து, முன்சக்கரத்து முட்டுக்கட்டையில் கை வைத்தார். பின்பக்கக் கதவாவது இருந்தால் ஏறிக்கொள்ளலாம். இரண்டு சீட்டு வண்டியில் அதற்கும் வழியில்லை.

“அத்தான்” என்றாள் அவள்.

“என்னம்மா?”

“நீங்க இறங்குங்க.”

“என்னது?”

“நான் உங்களை நம்பி ஏறல அத்தான். இறங்குங்க, அவரு வரட்டும்.”

அக்கா சிரித்துவிட்டாள். சகலை மச்சினியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். பிறகு இஞ்சினை ஓடவிட்டபடியே, கதவைத் திறந்து, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து இறங்கினார்.

பாத்துக்கலாம் நின்ற இடத்திலேயே நின்றார். கட்டையை எடுப்பதா, கையைத் துடைப்பதா, என்ன செய்வதென்றே தெரியவில்லை.

“அந்தக் கட்டையெல்லாம் அத்தான் எடுப்பாரு” என்றாள் அவள். “கையத் தொடச்சுட்டு வந்து ஏறுங்க. எவ்ளோ நேரம் நான் தனியா உக்காந்திருக்கறது?”